மாமாவின் மைக்கில் அத்தை

எங்களோடு இருக்கும் என் மாமா, அம்மாவின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் வயிற்றுக்குள், எண்ணெய் பூசிய கம்பிக் கயிறுகளுக்கு நடுவே, லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்திருப்பார். அடியில் குழிக்குள் நிற்கும் கூட்டாளிக்குக் கேட்க வேண்டுமே என்று "ஏத்து!", "நிறுத்து!", "கையை எடு!" என்று அடித்தொண்டையில் கத்துவார். இருபது வருடத்துக்கும் மேலாக அவருடைய அலுவலகப் பேச்சு இந்த மூன்றுதான். வீட்டுக்கு வந்தால் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. கிடாரை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் காதிலேயே பாதிதான் விழும் அளவுக்கு மெதுவாகப் பாடுவார். பாட்டு எல்லாம் அவரே கட்டியது.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரலை நீளமாக இழுத்து நிறுத்துவார். அந்த இழுப்புக்கு அடியில் அத்தை வந்து சேர்வார். துணி மடித்துக்கொண்டோ, பாத்திரம் துடைத்துக்கொண்டோ, வாயைத் திறக்காமல் ஒரு முனகல். மாமாவின் குரலைவிட அத்தையின் குரல் கனம். போனை எடுத்து "ஹலோ" என்றால் எதிர்முனை "சார்" என்று ஆரம்பிக்கும். "ஆமா, சார்தான் பேசறேன், சொல்லு" என்பார் அத்தை. வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் அவருக்குக் கூச்சம் இருந்தது. வெளியாள் முன்னால் முனகக்கூட மாட்டார்.

அத்தை இறந்து மூன்று வருடமாகிறது. போட்டோ குவியல் குவியலாக இருக்கிறது. குரல் மட்டும் எங்கேயும் இல்லை. மாமா வீட்டிலிருந்த பழைய போன்களை எல்லாம் உயிர்ப்பித்துத் தேடினார். ஒரே ஒரு வீடியோவில் அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். அந்த நேரம் பார்த்து நான் பின்னால் நின்று பலூனை உடைக்கிறேன். அப்புறம் கடைசிவரை என் சிரிப்புதான். மாமா அதற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இந்த வருடம் மாமாவின் குரல் கரகரக்க ஆரம்பித்தது. தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் ஒரு கட்டி இருக்கிறது, எடுக்க வேண்டும், அடுத்த மாதம் முதல் வியாழன் வாருங்கள் என்றார். எடுத்த பிறகு குரல் கொஞ்சம் மாறலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்த மாமா என்னைக் கூப்பிட்டார்.

"ஏய் வாலு, மைக்கு பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது மாமா."

"தெரிஞ்சுக்க. பள்ளிக்கூடமும் லீவு, பொழுது போகணும்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி என் பாட்டை எடுத்து வச்சுடணும். அவளோடது மாதிரி எங்கயும் இல்லாம போயிடக் கூடாது."

மைக் கடைக்காரருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் எக்கோ. எதையும் இரண்டு முறை சொல்வார். ஒருமுறை அவர் கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டில் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்து "காப்பாத்துங்க காப்பாத்துங்க" என்று கத்தியபோது மேலிருந்து இறங்கிவந்து கதவைப் பிளந்தவர் மாமாதான். அந்த விசுவாசம் இன்னும் இருந்தது.

"வாங்க வாங்க. மேடைக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்கு. பாட்டும் கிடாரும் சேர்ந்து வரணும். ஒரே மைக்குல. விலையும் கையைக் கடிக்கக் கூடாது."

எக்கோ சட்டையில் குத்தும் சின்ன மைக்கை எடுத்தார், அவரே தலையாட்டி உள்ளே வைத்தார். "வேணாம் வேணாம். கிடார் சட்டையில உரசுற சத்தம்தான் பாட்டா வரும்." பிறகு இரண்டை வெளியே வைத்தார். ஒன்று மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை, டைனமிக். "இதுக்குக் காது கொஞ்சம் மந்தம். வாய்கிட்ட வச்சாத்தான் கேக்கும். ஆனா தெருச்சத்தம், ஃபேன் சத்தம், ஒண்ணும் உள்ள வராது." இன்னொன்று கண்டென்சர், தடிமனாக, நிமிர்ந்து நிற்கும் வகை. "இதுக்குப் பாம்புக்காது, பாம்புக்காது. மெதுவாப் பாடினாலும் வரும். கிடார் கம்பியில விரல் நகர்றதுகூட வரும். வீடு அமைதின்னா இது. வீடு இரைச்சல்னா அது."

"ஓவர்லோடு ஆனா தானா நின்னுடுமா?" என்று மாமா தொழில்முறையில் கேட்டார்.

"ஓவர்லோடா? கத்தினீங்கன்னா சத்தம் உடையும்."

"நான் கத்தறது வேலைக்கு. பாட்டுக்குக் கத்த மாட்டேன்."

ஆபரேஷன்வரை இரண்டையும் வைத்துப் பாருங்கள், பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் எக்கோ. கிளம்பும்போது ஒரு யோசனையும் சொன்னார். துணி நிறைய தொங்கும் அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் உட்கார்ந்து பாடுங்கள், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தைத் துணி குடித்துவிடும் என்று.

எங்கள் வீட்டில் துணி நிறைந்த அலமாரி ஒன்றுதான். மாமாவின் அறையில் இருக்கும் அத்தையின் அலமாரி. மூன்று வருடமாக யாரும் திறக்கவில்லை. மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு ஒரே இழுப்பாகத் திறந்தார். பாச்சை உருண்டை வாசம் வந்தது. உடைகள் வரிசையாகத் தொங்கின, யாரோ வரிசையில் நின்று முறைக்குக் காத்திருப்பதுபோல. எனக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டவே பிடிக்கவில்லை.

முதல் ஞாயிறு டைனமிக். வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் கிடார் அடுத்த வீட்டில் வாசிப்பதுபோல் கேட்டது. கிடார் பக்கம் இறக்கினால் மாமா கிணற்றுக்குள் போய்விட்டார். நடுவில் வைத்து அவர் குரலை உயர்த்திப் பாடியதும் எல்லாம் ஒழுங்காக வந்தது. மாமாவுக்கு ஒரு அண்ணன் இருந்து, அவர் பாடியதுபோல இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இல்ல" என்றார் மாமா, இருமிக்கொண்டே.

அடுத்த ஞாயிறு கண்டென்சர். மாமாவே அதைத் தாங்கியில் பொருத்தி முன்னால் நிறுத்தினார். நான் லேப்டாப்பில் பட்டனை அழுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். மாமா தன் வழக்கப்படி, ரகசியம் சொல்வதுபோலப் பாடி முடித்தார். ஹெட்போனை மாட்டிக் கேட்டார். முதல் வரி முடிகிற நேரம் அவர் முகம் நின்றுவிட்டது. கண்கூட அசையவில்லை. மெதுவாக ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

பதிவு என்னவோ மங்கல்தான், மாமா குழியின் அடியிலிருந்து பாடுவதுபோல. ஆனால் வரியின் கடைசி இழுப்பில், அவர் குரலுக்குக் கீழே, இன்னொரு குரல் இருந்தது. கனமான, வாய் திறக்காத ஒரு முனகல். இழுப்போடு வந்தது, இழுப்போடு நின்றது. இரண்டாவது வரியிலும். நான்காவதிலும்.

"வாலு" என்றார் மாமா.

"சத்தியமா நான் இல்ல மாமா."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே."

"கேக்கப்போறீங்க இல்ல?"

என் பெயரில் பழைய வழக்குகள் நிறைய. லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போனில் கிழவி குரலில் அழுது மாமாவை ஒன்பதாவது மாடிவரை ஓடவிட்டது, சமையலறை அலமாரிக்குள் போனை ஒளித்துவைத்துச் சிரிக்கவிட்டது என்று பட்டியல் நீளும். சத்தம் கேட்டு அம்மா வந்தாள். ஹெட்போனை வைத்துக் கேட்டாள். கழற்றிய வேகத்தில் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"செத்தவளை வச்சு விளையாடுவியாடி நீ?"

செய்யாத குற்றத்துக்கு நான் அடி வாங்கியது அதுதான் முதல் தடவை. பிடிக்கவில்லை. அம்மாவின் கண் முன்னாலேயே அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்தோம். மறுபடி வந்தது. வெளியே நல்ல மத்தியான வெயில், தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அம்மா எழுந்து, அலமாரிப் பக்கம் பார்க்காமலே வெளியே போனாள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

ராத்திரியெல்லாம் யோசித்து, காலையில் மைக் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் படத்தை மட்டும் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மாமாவின் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எந்த இயந்திரத்தைப் பொருத்தினாலும் அதன் பெயர்த்தகடு உள்ளே வந்து சோதிக்கிற ஆளைப் பார்த்து இருக்க வேண்டும். அதனால் மைக்கையும் பெயர் பொறித்த பக்கம் கதவைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அந்த மைக்குக்குக் காது பெயர் இருக்கும் பக்கம்தான். அது இத்தனை நேரமும் மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூடத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கூடத்தில் எங்கள் பழைய ஃபிரிட்ஜ் நிற்கிறது. அது நாள் முழுக்க முனகும்.

"அம்மா! பேய் இல்லம்மா, ஃபிரிட்ஜு!"

"ஃபிரிட்ஜாடி? அவ குரலும் ஃபிரிட்ஜும் எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. ஆனால் அவளுக்கும் ஆசைதான், அது ஃபிரிட்ஜாக இருக்க வேண்டும் என்று. அவளே ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

மாமா வேலை முடிந்து வந்ததும் மைக்கைத் திருப்பி வைத்தோம். இப்போது அதன் முகம் மாமாவையும் அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியையும் பார்த்தது. கிடார் பளிச்சென்று வந்தது, விரல் கம்பியில் வழுக்குவதுகூடக் கேட்டது. முதல் வரி முடிந்தது. முனகல் மறையவில்லை. கிட்டே வந்திருந்தது. அதுவரை கதவுக்கு அப்பால் நின்ற ஆள், உள்ளே வந்து மாமாவின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்ததுபோல.

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். மாமா சிரித்தார். மூன்று வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை, அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

அதன் பிறகு மாமா மாறிவிட்டார். வேலையிலிருந்து வந்ததும் கை கழுவுவார், அலமாரியைத் திறப்பார், பாடுவார், கேட்பார். சாப்பாடு ஆறிப்போகும். குரல் நாளுக்கு நாள் மோசமானது. ஆனால் அவர் குரல் கம்மக் கம்ம, அடியில் அது தெளிவானது. ஒருநாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கூட வேலை செய்கிற ஆளைப் பற்றிக் குறை சொல்வதுபோல என்னிடம் சொன்னார்.

"இன்னைக்கு மூணாவது வரியில லேட்டா வந்தா."

அத்தையின் குரலைக் கேட்டபோதுகூட நான் அவ்வளவு நடுங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை வெளியில் சொல்ல முடியாது. இருந்தாலும் சோதனை ஆரம்பித்தேன். ஆளில்லாத அறையைப் பத்து நிமிடம் பதிவு செய்தேன். ஒன்றுமில்லை. கிடாரை மட்டும் வாசிக்கச் சொன்னேன். இல்லை. அலமாரியைச் சாத்திவிட்டுப் பாடச் சொன்னேன். வந்தது. மாடியில் என் அறைக்குக் கூட்டிப்போய்ப் பாடச் சொன்னேன். அங்கேயும் வந்தது. அறையில் இல்லை, அலமாரியிலும் இல்லை. மாமா போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வருகிறது. அன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். கொசு என்று பொய் சொன்னேன்.

வியாழனுக்கு ஐந்து நாள் முன்னால் டாக்டரிடம் கடைசிச் சோதனை. நானும் போனேன், பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு. மாமா தடுப்பதற்குள் ஓடவிட்டேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார்.

"கூடப் பாடறது யாரு?"

"என் வீட்டம்மா" என்றார் மாமா.

"அத்தை இறந்துட்டாங்க டாக்டர்" என்றேன். "மூணு வருஷம் ஆச்சு."

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பயப்படவில்லை. நாற்காலியை மாமாவின் அருகில் இழுத்துப் போட்டார்.

"மெதுவா 'ஊ'ன்னு இழுங்க. இன்னும் மெதுவா. மூச்சு தீர்றவரைக்கும்."

மாமா இழுத்தார். அந்த வெள்ளை அறையில் மைக் இல்லை, ஒயர் இல்லை. என் வெறும் காதில், மாமாவின் ஒரே வாயிலிருந்து, இரண்டு குரல் கேட்டது.

"குரல் நாண் ரெண்டு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ரெண்டும் ஒரே வேகத்துல அதிரணும். உங்களுக்கு ஒண்ணு மேல கட்டி உக்காந்திருக்கு. அதனால அது ஒரு வேகம், இது ஒரு வேகம். மெதுவாப் பாடறப்ப ரெண்டு சுருதியாப் பிரியுது. சத்தமாப் பாடினா தெரியாது. எல்லாருக்கும் இப்படி வராது, சில பேருக்கு வரும்."

"கட்டியை எடுத்துட்டா?"

"ஒரே குரல்தான். சுத்தமா இருக்கும்."

"எடுக்கலைன்னா?"

"அது என்ன கட்டின்னு எடுத்துப் பரிசோதனை பண்ணினாத்தான் தெரியும். அந்த விஷயத்துல நான் விளையாட மாட்டேன். விட்டா வளரும். வளர்ந்தா இந்த ரெண்டும் போயிடும், வெறும் காத்துதான் வரும்."

எந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறினாலும் மாமா காதைத் தீட்டி, எது தேய்ந்திருக்கிறது, எதற்கு எண்ணெய் இல்லை என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. கீழே வந்து கதவு திறந்ததும் சொன்னார்.

"ஆபரேஷன் வேணாம்னு அக்காகிட்ட சொல்லிடு."

"மாமா, அது உங்க தொண்டைதான்னு டாக்டரே..."

"அதான் தெரிஞ்சுபோச்சே. இத்தனை நாள் எங்க இருக்கான்னு தெரியாம இருந்தேன். இப்ப இடம் தெரிஞ்சுடுச்சு. அறுத்துப் போடச் சொல்றியா?"

லிஃப்ட் கதவு மறுபடி மூடப் பார்த்தது, நான் காலை வைத்துத் தடுத்தேன்.

அம்மா முதலில் கத்தினாள், பிறகு கெஞ்சினாள். மாமா கிடாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் வாசலில் நின்றபடி, அறைக்குள் வராமலே, சொன்னாள்.

"டேய் தம்பி, அவ குரலை உன் தொண்டையில கண்டுபுடிச்சுட்ட. நீயும் போயிட்டா, உன் குரலை நாங்க யார் தொண்டையிலடா தேடறது?"

மாமா துடைப்பதை நிறுத்தினார்.

புதன்கிழமை காலை. மாமா ஆஸ்பத்திரிக்காகப் போட்டிருந்த விடுப்பை ரத்து செய்யவில்லை, பையும் கட்டவில்லை. நான் இரண்டு மைக்கையும் அவர் கட்டிலில் கொண்டுபோய் வைத்தேன்.

"எக்கோவுக்குப் பதில் சொல்லணும். எது வேணும்?"

"இப்ப என்ன அவசரம்?"

"இன்னைக்கு ரெண்டு குரல் இருக்கு. அடுத்த மாசம் இருக்குமான்னு டாக்டருக்கே தெரியல. ஒரு தடவை ஒழுங்கா எடுத்துடலாம் மாமா. அப்புறம் உங்க இஷ்டம்."

"எடுத்துட்டா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அர்த்தமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"உன் மூஞ்சி சொல்லுது."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் வீட்டு இரைச்சலுக்கு டைனமிக்தான் சரி. புத்தியுள்ள யாரும் அதைத்தான் வாங்குவார்கள். மாமா அதை எடுத்து, ஒயரை அழகாகச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"நல்ல மைக்கு. எனக்கு வேண்டிய ஒண்ணைத் தவிர எல்லாத்தையும் சரியாப் பண்ணுது."

கண்டென்சரின் முகத்தை அவர் பக்கம் திருப்பி நிறுத்தினேன். வாயிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, நெஞ்சு உயரத்தில், கிடாரின் கழுத்து உடம்போடு சேரும் இடத்தைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி. இத்தனை நாளில் நாங்கள் கற்றுக்கொண்ட இடம் அது. ஃபேனை நிறுத்தினேன். அம்மா கூடத்தில் அசையாமல் உட்கார்ந்தாள். அடுத்த வீட்டில் யாரோ கட்டிலை நகர்த்தினார்கள். போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன், நிறுத்தினார்கள்.

மாமா பாடினார். எப்போதையும்விட மெதுவாக. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அது வந்தது, தாமதமில்லாமல். கடைசி வரியின் கடைசி இழுப்பை அவர் விடவே இல்லை. மூச்சு குறைந்து குறைந்து, கழுத்து நரம்பு புடைத்து, அவருடைய குரல் நூலாகி அறுந்தது. அறுந்த பிறகும் கீழே இருந்தது ஒரு நொடி நின்றது. தனியாக. லேப்டாப் திரையில் ஒரு மெல்லிய கோடு. நான் ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்து" என்றார் மாமா, லிஃப்ட் தலைமேல் இருப்பதுபோல.

நிறுத்தினேன். அவர் கேட்டுப் பார்க்கவில்லை. "பத்திரமா வை" என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார்.

கட்டி கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்தது. அம்மா அன்றைக்கு ஒரு மூச்சு அழுதாள். இரண்டு வாரம் பேசவே கூடாது என்று உத்தரவு. மாமா ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். "தண்ணி", "ஃபேன்", "வாலு, என் செருப்பை எங்க ஒளிச்ச". அலமாரியைச் சாத்தியிருந்தார். பதிவைக் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறேன், அதில் ஒன்று யாருக்கும் தெரியாது.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா 'ஆ' சொல்லச் சொன்னார். மாமா சொன்னார். பிறகு மெதுவாக 'ஊ'. மூச்சு தீரும்வரை அதுவும். ஒன்றுதான் வந்தது, வழவழவென்று, ஓரத்தில் எதுவும் ஒட்டாமல்.

"பிரமாதம்" என்றார் டாக்டரம்மா. "சுத்தமா இருக்கு."

வெளியே வராந்தாவில் நடந்துகொண்டே மாமா என்னைப் பார்த்தார். புதுக் குரலை இன்னும் நம்பாதவர்போல, பாதி உதட்டில் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

பொய் சொல்வதில் எனக்கு இருக்கும் அனுபவத்துக்கு, நல்லா இருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்கலாம்.

"தனியா இருக்கு மாமா."

அவர் நின்றார். என் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். "ம்" என்றார். அந்த 'ம்'மும் ஒற்றையாகத்தான் இருந்தது.